நாப்பத்தேழாம் நம்பர் கைக்குட்டை

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர் வேலைங்கிறது, ஊரே உங்க காதுக்குள்ள வந்து உக்காந்துக்கிடும், நீங்க மட்டும் வாயைத் திறக்கக் கூடாதுங்கிற வேலை.

இப்போ உங்க கைபேசியில தினம் நாலு பேர் கூப்பிட்டு லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு உயிரை வாங்குதாங்க. உங்களுக்கு வர்ற ஆத்திரம் எனக்கு நல்லாவே தெரியும். ஆனா உங்களால கட் பண்ண முடியும், திட்ட முடியும். எழுபதுகள்ல தென்காசி எக்ஸ்சேஞ்சுல உக்காந்திருந்த எனக்கு ரெண்டுமே கிடையாது.

அப்போ எங்க ஊரு போன்ல நம்பர் சுத்துற வட்டம் இல்லை. பக்கத்துல இருக்க கைப்பிடியைச் சுத்தினா எங்க போர்டுல அந்த வீட்டு நம்பருக்கு மேல ஒரு சின்னத் தகடு டப்புன்னு விழும். அதுக்குக் கீழ இருக்க துளையில, கார்டுன்னு நாங்க சொல்லுத ரெட்டை முனை ஒயரைக் குத்தி, 'நம்பர் ப்ளீஸ்'னு கேக்கணும். கேட்ட நம்பர்ல அதே கார்டோட மறுமுனையைக் குத்தி மணி அடிச்சா ரெண்டு பேரும் பேசிக்கிடலாம். அவ்வளவுதான் தொழில். அந்தத் தகடை மட்டும் மறந்துராதீங்க, பின்னாடி வேணும்.

### மூணே வாக்கியம்

எங்களுக்கு அனுமதிச்ச வாக்கியம் மூணு. 'நம்பர் ப்ளீஸ்', 'லைன் பிஸி', 'பதில் இல்லை'. நாலாவது வாக்கியம் பேசினா கம்ப்ளைன்ட் வரும். நான் டெம்ப்ரவரி. எழுத்துல ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் பெர்மனென்ட் ஆகுறதை மறந்துரு, மூட்டையைக் கட்டுன்னு சூப்பர்வைசர் சங்கரலிங்கம் சார் முதல் நாளே சொல்லிட்டாரு.

வீட்டுல எல்லாரும் அதுக்காகவே காத்துக்கிட்டு இருந்தாங்க. வேலை போச்சுன்னா மறுமாசமே அம்பாசமுத்திரத்து மாமா மகனுக்குக் கட்டி வச்சிருவாங்க. எனக்கு அந்த ஆளையும் பிடிக்காது, அவர் மீசையையும் பிடிக்காது. என் வாயோ, பஸ் ஸ்டாண்டுல கண்டக்டரோட சண்டை போட்டு ஜெயிச்ச வாயி. எனக்குப் பக்கத்து நாற்காலி ரெஜினா அக்கா. பன்னெண்டு வருச சர்வீஸ். என்னை ஒரு பார்வை பார்த்துட்டு அக்கா சொன்னாக:

"நாளையிலேருந்து வாயை வீட்டுல கழட்டி வச்சிட்டு வா ட்டீ. காதை மட்டும் கொண்டு வந்தா போதும்."

### உயிரோடதான் இருக்கேன்

தினமும் காலையில ஒம்பது அடிச்சா ஒரு வக்கீல் வீட்டுத் தகடு விழும். 'நம்பர் ப்ளீஸ்.' நம்பர் கிடையாது. "இருக்கியாம்மா?"ன்னு கேப்பாரு. இருக்கேன்னு சொன்னா வச்சிருவாரு. போன் வேலை செய்யுதான்னு பார்க்கிறாராம். கோர்ட்டுல போய் 'நீதிபதி இருக்கீயளா'ன்னு கேட்டுட்டுத் திரும்பி வருவாரா? எனக்குப் பத்திக்கிட்டு வரும். பல்லைக் கடிச்சுக்கிட்டு, "இருக்கேன் சார்"ம்பேன்.

மேலகரத்துல ஒரு வீட்டுக்குப் புது போன் வந்த அன்னிக்கு இதைவிடக் கொடுமை. அந்த வீட்டுல பதினோரு பேர். வரிசையா ஒவ்வொருத்தரா எடுத்து எனக்கு ஹலோ சொன்னாங்க. நானும் பதினோரு தடவை 'நம்பர் ப்ளீஸ்' சொன்னேன். போர்டுல அங்கன இங்கன ஏழு தகடு விழுந்து கிடக்கு. குற்றாலத்துல ஒருத்தருக்கு நெஞ்சுவலி, டாக்டருக்கு லைன் கேட்டு நிக்காங்க. அதை எடுத்துக் குடுத்துட்டுத் திரும்பினா மறுபடியும் மேலகரம். இனிமே யாரும் பாக்கி இல்லையேன்னு அடக்கமாத்தான் கேட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் யோசிச்சுச் சொன்னாரு:

"இன்னிக்கு இம்புட்டுப் பேருதாம்மா. நாளைக்கு சின்ன மக பிரசவத்துக்கு வருதா, அவளுக்கு ஒருக்கா சொல்லிரு."

### தண்ணி விழுதா

ஆனி பிறந்து சாரல் ஆரம்பிச்சா எங்க பாடு அதோகதிதான். மதுரையிலேருந்தும் மெட்ராஸ்லேருந்தும் டிரங்க் கால் போட்டு, "குற்றாலத்துல ஏதாவது ஒரு நம்பர் குடுங்க"ம்பாங்க. ஏதாவது ஒரு நம்பர்னா எது? யார் வீட்டுல மணி அடிக்கட்டும்? எந்த வீடுன்னாலும் பரவாயில்லையாம். அருவியில தண்ணி விழுதான்னு தெரியணும், அவ்வளவுதான். லாட்ஜுக்காரங்க சலிச்சுப்போய் ரிசீவரை எடுத்துத் தனியா வச்சிட்டாங்க. அப்புறம் மொத்தமும் என் தலையில விடிஞ்சது.

ஒரு மதுரைக்காரருக்கு மட்டும் மூணு வாக்கியத்தைத் தாண்டி நிறையவே சொல்லிட்டேன். மெயின் அருவியில நல்லா விழுது சார்னேன். ஐந்தருவியிலன்னாரு. விழுதுன்னேன். அஞ்சுலயுமான்னாரு. அஞ்சுலயும்னேன். கூட்டம் இருக்கா, எண்ணெய் தேய்க்க ஆள் கிடைக்குமா, நல்லெண்ணெய் நாங்க கொண்டு வரணுமா, அங்கனயே கிடைக்குமா. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். அதுக்குள்ள டிரங்க் காலுக்குக் காசு கட்டின மூணு நிமிஷம் முடிஞ்சு, இன்னொரு மூணு நிமிஷத்துக்கு நீட்டிக்கிட்டாரு. கடைசியில ஒரு நன்றியாச்சும் சொல்லுவாருன்னு நினைச்சேன். சொன்னது இது:

"அப்போ நீங்க நேர்ல போய்ப் பார்க்கல. கேள்விப்பட்டதைத்தான் சொல்லுதீங்க, இல்ல?"

### நாப்பத்தேழு

இதெல்லாம் எரிச்சல். நாப்பத்தேழு அசிங்கம்.

எங்களுக்கு ஆளுங்க பேரு முக்கியம் இல்லை, நம்பர்தான். நாப்பத்தேழு ஒரு பெரிய பாத்திரக்கடை. முதலாளிக்கு ஐம்பது வயசிருக்கும். நெத்தி நிறைய திருநீறு. கோயில் காரியம் எதுன்னாலும் முன்னால நிக்கிற மனுஷன். மத்தியானம் கடையில ஆள் இல்லாத நேரம், ரெண்டு மணிக்கு, நாப்பத்தேழாம் தகடு விழும். 'நம்பர் ப்ளீஸ்'ம்பேன். பதில் வராது. மூச்சு மட்டும் வரும். அப்புறம் ஒரு சீட்டி. அப்புறம் ஒரு குழைஞ்ச குரல், "நான் யாருன்னு சொல்லு பாப்போம்."

துணியைப் போத்திப் பேசுத குரல் கேட்டிருக்கீங்களா? வாய்க்கும் ரிசீவருக்கும் நடுவுல கைக்குட்டையை வச்சுக்கிட்டுப் பேசுதாரு. யாருன்னு எங்களுக்குத் தெரியக் கூடாதாம். ஒருநாள் மெட்ராஸ்லேருந்து பேசுதேன்னாரு, ஒருநாள் பம்பாய்ங்கிறாரு. என் கண்ணுக்கு முன்னால நாப்பத்தேழுன்னு தகடு விழுந்து தொங்குது. இந்த ஊர்ல போன் வாங்கி இத்தனை வருசமாச்சு, ஆபரேட்டருக்கு நம்பர் தெரியும்ங்கிறது அந்த மனுசன் மண்டையில ஏறவே இல்லை.

கார்டை உருவினா உடனே மறுபடி தகடு விழும். உருவ உருவ விழும். சாப்பிட்டியா, என்ன சேலை கட்டியிருக்கே, சாயங்காலம் எந்தப் பக்கமா வீட்டுக்குப் போவே. கடைசிக் கேள்விதான் என்னைப் பயமுறுத்திச்சு. எனக்கு அழுகை வந்ததும் அதுலதான். சூப்பர்வைசர்கிட்ட சொல்லுவோம்னு ரெஜினா அக்காவைக் கேட்டேன். அவுகளும் இதே குரலை நாலு வருசமாக் கேட்டவுகதான்.

"சொல்லிப் பார்த்தாச்சு. பெரிய மனுசன், கோயில் காரியமெல்லாம் பாக்காரு, அவரு அப்படிப் பேசுவாராம்மான்னு என்னைத்தான் கேட்டாரு."

### அறுபத்திரண்டு

இதுக்கு நடுவுல இன்னொரு நம்பர். அறுபத்திரண்டு. அதே முதலாளியோட வீடு. எடுக்கிறது அவர் சம்சாரம். கிட்டத்தட்ட அதே ரெண்டு மணிக்குத்தான் அந்தம்மா தகடும் விழும். "கடைக்குப் போடு தாயி"ம்பாக. கடை லைன்ல எங்ககூடத்தான் சீட்டி அடிச்சுக்கிட்டு இருப்பாரு. நான் என்ன சொல்ல? "லைன் பிஸி"ம்பேன். பொய் இல்லை. ஆனா சொல்லும்போதெல்லாம் நாக்கு கூசும்.

மூணு மாசம் இப்படியே போச்சு. ஒருநாள் அந்தம்மா வைக்கலை. மெதுவாக் கேட்டாக. வீட்டுக்காரரு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்றதே இல்லையாம். கடையில வேலைன்னு சொல்லுதாகளாம். வேலைன்னா லைன் ஏன் பிஸியா இருக்குன்னு கேட்டாக. அவுக குரல் உடைஞ்சு போயி வந்துச்சு:

"யாருகூட பேசுதாகன்னு நீ சொல்ல வேண்டாம் தாயி. பொம்பளையா, அதை மட்டும் சொல்லு."

### கேட்ட நம்பர்

அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. அந்தம்மா தேடுத பொம்பளை நான்தானே.

மறுநாள் ரெண்டு மணி. நாப்பத்தேழு விழுந்துச்சு. குத்தினேன். "இன்னிக்குக் கண்டுபிடிச்சிருவியா நான் யாருன்னு?" கைக்குட்டை நல்லா மடிச்சு வச்சிருந்தாரு போல, குரல் பானைக்குள்ளேருந்து வந்துச்சு. அதே நேரம் அறுபத்திரண்டும் விழுந்துச்சு. அதை எடுத்து 'நம்பர் ப்ளீஸ்'னேன்.

"நாப்பத்தேழு. பிஸின்னு சொல்லிருவே, தெரியும்."

பிஸியா? அந்தாளு எந்த நம்பரும் கேக்கலை, யார்கூடவும் பேசலை. அப்போ லைன் எப்படி பிஸி ஆகும்? வேலை போனா போகட்டும்னு அந்த நிமிஷம் தோணிச்சு. அம்பாசமுத்திரத்து மீசை கண்ணு முன்னால வந்துச்சு. வரட்டும்னு நினைச்சேன். அறுபத்திரண்டுல இருந்த கார்டை உருவிட்டு, நாப்பத்தேழுல குத்தியிருந்த கார்டோட மறுமுனையை எடுத்து அங்க குத்தினேன். கேட்டதும் நாப்பத்தேழு, குடுத்ததும் நாப்பத்தேழு.

லைன் சேர்ந்துச்சான்னு ஒரு விநாடி கேட்டுப் பார்க்கிறது எங்க கடமை. அன்னிக்கு அந்தக் கடமையைக் கொஞ்சம் நீட்டிச் செஞ்சேன். நாப்பத்தேழு இன்னும் என்கிட்ட பேசுதோம்னு நினைச்சுக்கிட்டு, "ஏன் பேச மாட்டேங்கிறே, கோவமா? உன் குரலைக் கேக்காம எனக்குச் சோறே இறங்கலை"ன்னாரு. பக்கத்துல ரெஜினா அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. அப்புறம் அந்தம்மா பேசினாக, சாந்தமா, ரசத்துக்குப் புளி போதுமான்னு கேக்குத குரல்ல:

"தொண்டை ஏன் இப்படி அடைச்சுக் கிடக்கு? கசாயம் வச்சுக் குடுத்து விடட்டுமா?"

### கம்ப்ளைன்ட் பாரம்

அரைமணி நேரத்துல முதலாளி எக்ஸ்சேஞ்சுக்கே வந்துட்டாரு. வேர்த்து ஒழுகுது, திருநீறெல்லாம் கலைஞ்சிருக்கு. இந்தப் பொண்ணு தப்பா என் வீட்டுக்கே லைன் குடுத்துட்டா, வீட்டுல கசாயம் வைக்கட்டுமான்னு கேக்கா, எழுத்துல கம்ப்ளைன்ட் குடுக்கணும், இவ வேலையில இருக்கக் கூடாதுன்னாரு. சங்கரலிங்கம் சார் என்னைப் பார்த்த பார்வையிலயே நான் பாதி வீட்டுக்குப் போயிட்டேன். பாரத்தை எடுத்து முதலாளி முன்னால வச்சாரு.

முதலாளி மடமடன்னு எழுதினாரு. பேரு, கடை, நேரம் ரெண்டு மணி. அதுக்கு அடுத்த கட்டத்துல பேனா நின்னுபோச்சு. 'கேட்ட நம்பர்'னு போட்டிருந்துச்சு. சார் எட்டிப் பார்த்து, "எந்த நம்பர் கேட்டீங்க அண்ணாச்சி?"ன்னாரு. யாரையும் கேக்கலைன்னாரு. அப்போ எதுக்குப் போனை எடுத்தீங்கன்னாரு சார். பதில் இல்லை. எங்களுக்கு அனுமதிச்ச மூணாவது வாக்கியம் அதுதான்.

அப்பத்தான் ரெஜினா அக்கா நாற்காலியை விட்டு எந்திரிச்சாக. தன் கைக்குட்டையை எடுத்துச் சாரோட மேசைப் போன்ல, பேசுத இடத்துல போத்திட்டு, திரும்பி வந்து உக்காந்துக்கிட்டாக. சங்கரலிங்கம் சார் அந்தக் கைக்குட்டையையே பார்த்தாரு. அப்புறம் முதலாளி சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருந்த கைக்குட்டையைப் பார்த்தாரு. நாலு வருசம் முந்தி அக்கா சொன்னதை நம்பாத மனுசன். முகம் கறுத்துப் போச்சு. பாரத்தை முதலாளி கையிலேருந்து உருவி நாலா மடிச்சாரு. மன்னிப்புன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை அவர் வாயிலேருந்து வரலை, அந்தக் கோவம் எனக்கு இன்னும் உண்டு. முதலாளிகிட்ட மட்டும் சொன்னாரு:

"வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. கசாயம் ஆறிரும்."

### அந்தக் குரல்

அதுக்குப் பிறகு நாப்பத்தேழு தேவைக்கு மட்டும் விழுந்துச்சு. ஆறு மாசத்துல நான் பெர்மனென்ட் ஆனேன். மீசைக்கு வேற இடத்துல பொண்ணு பார்த்துட்டாங்க.

ஜெயிச்சுட்டேன்னு கொஞ்ச நாள் தலையை நிமிர்த்திக்கிட்டுத் திரிஞ்சேன். ஒருநாள் அறுபத்திரண்டு விழுந்துச்சு. நம்பர் எதுவும் கேக்கலை. அன்னிக்கு லைன் குடுத்தது நான்தானான்னு கேட்டாக. நான்தாம்மான்னேன். நீ செஞ்சது சரிதான் தாயி, உன்மேல வருத்தம் இல்லைன்னாக. இப்போ மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருதாகளான்னு கேட்டேன். அது எனக்கு அனுமதிச்ச வாக்கியம் இல்லைதான். வருதாக, வந்து பேசாம சாப்பிட்டுட்டுப் போறாகன்னாக. வைக்கப் போறாகன்னு நினைச்சேன். வைக்கலை.

"கல்யாணமாகிப் பதினெட்டு வருசம். அவுகளுக்கு அப்படி ஒரு குரல் இருக்குன்னே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

இப்போ என் கைபேசியில லோன் வேணுமான்னு எவனாவது குழையுதப்போ எல்லாம் அவன் வீட்டு நம்பரைத் தேடி என் கை இல்லாத கார்டைத் துழாவுது, நல்லவேளை அந்த போர்டைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க.