கௌரவ நூலகரின் மனைவி

எங்கள் சங்கத்தின் பதினான்காம் விதி சொல்வது இது: உறுப்பினர் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் செயலாளர் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நல்ல விதி. நான் செயலாளராக இருந்தபோது நானே எழுதியது. அரசாங்க சேவையில் பல்லாண்டு காலம் பிறர் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே தப்பிக்கும் வழிகளையெல்லாம் அடைத்து எழுதினேன். ஒன்று மட்டும் திறந்திருந்தது. உறுப்பினர் என்றால் யார் என்பதை ஒன்பதாம் விதி சொல்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

ஒன்பதாம் விதிப்படி ஆண்கள் முழு உறுப்பினர்கள். மனைவியர் இணை உறுப்பினர்கள். அவர்கள் கூட்டத்துக்கு வரலாம், வடை சுடலாம். வாக்களிக்க முடியாது, பதவி வகிக்க முடியாது. கணவர் காலமானால் இணை உறுப்பினர் தகுதியும் கூடவே காலமாகும். அன்று அதைத் தேநீருக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு அக்கறை இருக்கவில்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது சங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் எழுத்தர்களாக வந்த எங்கள் அப்பாமார் தொடங்கியது. கோயிலில் தேங்காய் உடைக்க மறந்தாலும் மறப்போம், கூட்டக் குறிப்பை வாசித்து ஏற்க மறக்கமாட்டோம்.

சங்கத்தின் நூலகத்துக்கு முப்பது ஆண்டுகளாக ஒருவரே கௌரவ நூலகர். அவரை நூலகத்துக்குள் நான் இருமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை, முதல் முறை மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தார். வேலை செய்தது அவருடைய மனைவி. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து தினமும் எல்.ஆர்.டி. ரயில் ஏறி வந்து, பத்து மணிக்குக் கதவைத் திறந்து, பத்திரிகைகளைக் கம்பியில் மாட்டி, கரையான் பிடித்த புத்தகங்களை வெயிலில் வைத்து எடுத்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அறைதான் அவருடைய நாள்.

கணவர் காலமாகி முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும், சங்கத்தின் இளைஞர் பிரிவுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். இளைஞருக்கு வயது ஐம்பத்தெட்டு. நூலகச் சாவியைக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. ரூல்ஸ் அப்படி லா."

"நான் ஒண்டும் தப்பா எடுக்கேல்லை, தம்பி. என்னை முழு உறுப்பினராக்கி நூலகராக விடச் சொல்லிக் கடிதம் எழுதித் தாறன். பதில் வரட்டும், பிறகு பாப்பம்."

எழுதினார். செயலாளரின் கையிலேயே கொடுத்தார். பதினான்கு நாட்கள் போயின. பிறகு மாதங்கள் போயின. எங்கள் செயலாளர், வாட்சப் குழுவில் யாராவது பூப்படத்தோடு காலை வணக்கம் போட்டால் ஒரே நிமிடத்தில் பதில் போடுகிறவர். நான் விசாரித்தேன்.

"பதில் போட்டா அவங்கள மெம்பர்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அங்கிள்."

"மெம்பர் இல்லை என்றாவது பதில் போடலாமே?"

"அதெப்படி? மெம்பருக்கு மட்டும்தானே நாம பதில் போடணும்?"

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் அவரை மெச்சினேன். பிறகுதான் வெட்கப்பட்டேன்.

மாதாந்தச் சொற்பொழிவுக்கு அடுத்த முறை என்னுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த சீர்திருத்தங்கள் என்று தலைப்புக் கொடுத்தேன். தூர தேசம் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் எலிகளும் சேர்ந்து அரைபட்டதாக அந்நாளில் எழுதப்பட்டதைச் சொன்னபோது இரண்டு பேர் மட்டன் ரோல்ஸைக் கீழே வைத்தார்கள். ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்ததைச் சொன்னேன். பிறகு பெண்களின் வாக்குரிமைக்கு வந்தேன். ஜனாதிபதி மாளிகை வாசலில் பதாகையோடு வாய் திறக்காமல் நின்ற பெண்களைச் சிறையில் போட்டார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் குழாய் வைத்து உணவைச் செலுத்தினார்கள். கடைசியில் ஒரு மாநிலச் சபையில் இளம் உறுப்பினர் ஒருவர், தாய் எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனம் மாறி வாக்களித்தார். அரசியலமைப்புத் திருத்தம் அதனால் நிறைவேறியது. அந்தத் தாயின் கடிதத்துக்கு யாரும் கோப்பு எண் போடவில்லை என்றும் சொன்னேன். செயலாளர் தலையாட்டி ரசித்தார்.

சபை கொதித்தது. "என்ன அநியாயம்! படிச்ச நாடு எண்டு பேர்!" என்றார் சங்கத் தலைவர். அமெரிக்கப் பெண்களின் போராட்டத்தை இச்சங்கம் பாராட்டுகிறது என்று இளைஞர் பிரிவுத் தலைவர் முன்மொழிய, செயலாளர் வழிமொழிய, ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நூறு ஆண்டு தாமதம் எங்கள் கணக்கில் தாமதமே இல்லை.

பின்வரிசையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த நூலகரின் மனைவி நிமிர்ந்தார்.

"தலைவர், அந்தப் பெண்டுகளுக்குக் கை தூக்கின நீங்கள், என்ர கடிதத்துக்கு எப்ப தூக்குவியள்?"

"அது வேற விஷயம், அக்கா. இது அமெரிக்கா."

"ஓம், அமெரிக்கா தூரம்தான். இந்தாங்கோ திறப்பு."

சாவியை மட்டன் ரோல்ஸ் தட்டில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். நான் பின்னாலேயே போனேன். கீழே நின்று கேட்டார்:

"அண்ணை, உந்த ஒன்பதாம் விதியை எழுதினது ஆர்?"

"நான்தான்."

"வடிவா எழுதியிருக்கிறியள். ஒரு இடத்தாலயும் உள்ளுக்குப் போகேலாது."

மறுநாள் முதல் நூலகம் மூடிக் கிடந்தது. முழு உறுப்பினர்களில் எவருக்கும் பத்து மணிக்கு வந்து கதவு திறக்க முழங்கால் இடங்கொடுக்கவில்லை. இளைஞர் பிரிவுத் தலைவர் நான்கு நாள் திறந்தார். ஐந்தாம் நாள் முதுகுவலி என்றார். தினமும் பத்திரிகை வாசிக்க வந்த ஏழெட்டுக் கிழவர்கள் கீழேயுள்ள கடையில் உட்கார்ந்தார்கள். அரைமணிக்கு ஒருதரம் ஏதாவது வாங்கச் சொல்லிக் கடைக்காரர் பார்த்த பார்வையில், வீட்டுக்கே போனார்கள். பகல் முழுக்க வீட்டில் இருந்த அவர்களை மனைவியரால் பொறுக்க முடியவில்லை. மூன்றே வாரத்தில் அத்தனை பேரும் பெண்ணுரிமைப் போராளிகள் ஆனார்கள். அமெரிக்காவில் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை நினைத்தால் பாவமாக இருந்தது.

பெண்களும் முழு உறுப்பினராகலாம் என்று ஒன்பதாம் விதிக்குத் திருத்தத்தை நானே எழுதினேன். சிறப்புக் கூட்டம் கூடி ஏழு நிமிடத்தில் நிறைவேற்றியது. தலைவர் தொலைபேசியில் நூலகரின் மனைவியை அழைத்தார். "எழுத்தில பதில் வரட்டும், தலைவர். பதினாலாம் விதி இருக்கெல்லோ" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

இங்கேதான் செயலாளர் தம் திறமையைக் காட்டினார். கடிதம் எழுதப்பட்டது திருத்தத்துக்கு முன்பு. அப்போது பதிவேட்டில் அவர் பெயர் இணை உறுப்பினர் பட்டியலில் வெட்டப்படாமல் இருந்தது. இணை உறுப்பினர் பற்றிய கடிதங்கள் முழு உறுப்பினரான கணவரின் பெயருக்கே போக வேண்டும். அதுவும் விதி. அதை நான் எழுதவில்லை என்பது சிறு ஆறுதல்.

கணவரின் முதலாண்டு ஆட்டைத் திவசத்துக்குச் சங்கத்தார் எல்லோரும் பெட்டாலிங் ஜெயா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பதிவுத் தபாலோடு வந்த தபால்காரர், கடிதத்தைப் பெயருக்குரியவர்தான் கையெழுத்திட்டு வாங்க வேண்டும் என்றார். அவர் சுவரில் மாலையோடு இருந்தார். மனைவி கையெழுத்துப் போட்டுக் கடிதத்தைப் பிரித்து உரக்க வாசித்தார்: "தங்கள் மனைவியார் முழு உறுப்பினராகவும் கௌரவ நூலகராகவும் ஏற்கப்பட்டுள்ளார். இதைத் தாங்கள் அவருக்குத் தெரிவிக்கவும்."

யாரும் செயலாளரைப் பார்க்கவில்லை. அவர் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி கடிதத்தைக் கணவர் படத்தின் அடியில் செருகினார். "தெரிவிச்சுப்போட்டார்" என்று திரும்பித் தலைவரிடம் கையை நீட்டினார். தலைவர் இடது கையால் சட்டைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பதில் வந்தது வியாழக்கிழமை, அவர் கணவர் காலமாகி ஓராண்டு நிறைந்த திதியில்.