ஆலாத் தீவில் ஒரு துப்புரவுப் பணி

வெள்ளிக்கிழமை காலை நாலரை மணிக்கு எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலிலிருந்து வேன் கிளம்பியது. சவூதியின் ஜுபைலில் ஜூன் மாதம் அந்த நேரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வேனுக்குள் பத்துப் பேர், ஒரு பிரியாணி அண்டா, ஐஸ் பெட்டியில் கோழி, ஒட்டுப்பலகையில் அடித்த ஆறடி பேனர் ஒன்று. ஒரு தீவைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று சொன்னால் எங்களைப் பார்த்த யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஏற்பாடு செல்வராசு அண்ணனுடையது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், எங்கள் கேம்ப் பாஸ். அறைகள், தண்ணீர், மெஸ் எல்லாம் அவர் பொறுப்பு. குப்பையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. யோஹான் என்ற தென்னாப்பிரிக்கர் அந்தத் தீவில் ஆலா என்னும் கடற்பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ச்சி செய்துவந்தார். கரை ஒதுங்கும் பழைய வலைகளில் பறவைகள் சிக்கிச் சாகின்றன, அள்ளிப்போட ஆள் வேண்டும் என்று அவர் கேட்டதும் அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். தீவின் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று யோஹான் கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை.

துறைமுகத்தில் கடலோரக் காவல் சாவடியில் எல்லோருடைய குடியிருப்பு அட்டையான இக்காமாவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தால்தான் அட்டை கிடைக்கும். சூரியன் மறைவதற்குள் வந்தாக வேண்டும். படகு ஒரு கஃபீலுடையது, அதாவது அரபு முதலாளியுடையது, ஓட்டுவது குளச்சல்காரர் ஜெரால்டு. டீசலுக்கு ஆளுக்கு முப்பது ரியால். ஆலைகளின் புகைபோக்கி நெருப்பு பின்னால் தேய்ந்து மறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதன்பிறகு கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்தான்.

எட்டு மணி சுமாருக்குத் தீவில் இறங்கினோம். தீவு என்று சொன்னால் கொஞ்சம் பெருமைதான். மணல் திட்டு, முழங்கால் உயரப் புதர்கள், மேலே ஓயாத கூச்சல். எங்களோடு படகில் வந்த யோஹான் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: தண்ணீர் ஓரத்தில் கிடக்கும் வலையும் கயிறும் மட்டும், அதற்கு மேல் ஏற வேண்டாம். சொல்லிவிட்டுத் தன் பையோடு தீவின் மறுமுனைக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்குள் வலைகளை அள்ளிப் படகில் போட்டாயிற்று. அப்போதுதான் செல்வராசு அண்ணன் மேட்டுப் பக்கம் பார்த்தார். கப்பல்களிலிருந்து விழுந்து அலையில் வந்த பலகைகள், உடைந்த பெட்டிகள், ஒரு முழுக் கதவு எல்லாம் அங்கங்கே கிடந்தன.

"இம்புட்டுப் பலகையையும் விட்டுட்டுப் போனா, சுத்தம் பண்ணுனோம்னு எவன் நம்புவான்?" என்றார்.

ஜெரால்டு படகிலிருந்தே கேட்டார், "அண்ணே, அந்த வெள்ளக்காரரு தண்ணி ஓரத்துல உள்ளதத்தானே எடுக்கச் சொன்னாரு?"

"குப்பைன்னா எல்லாம் குப்பைதான்ப்பா. யல்லா, வாங்க."

ஏறினோம். ஒவ்வொரு பலகையாகத் தூக்கி ஓரிடத்தில் அடுக்கினோம். கரும்பழுப்பு முதுகும் வெள்ளை நெற்றியுமாகப் பறவைகள் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தின. பறவை என்றால் கத்தத்தான் செய்யும் என்று இருந்துவிட்டோம். அடுக்கியதில் காய்ந்த கட்டைகள் அடுப்புக்குப் போயின. வெள்ளிக்கிழமை எங்கே போனாலும் அங்கே பிரியாணி வெந்தாக வேண்டும் என்பது எங்கள் கேம்பின் எழுதாத சட்டம்.

புகையைப் பார்த்துவிட்டு யோஹான் ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தோம். அவர் பலகை கிடந்த ஓர் இடத்தில் மண்டியிட்டு விரலால் காட்டினார். மணல் நிறத்தில் புள்ளி போட்ட ஒற்றை முட்டை. நாங்கள் பத்துப் பேரும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறோம். இந்த ஆலாக்கள் பலகை நிழலில்தான் முட்டையிடும், வெயில் நேராகப் பட்டால் முட்டை வெந்துபோகும் என்றார். இரண்டு வருடமாக வளையம் மாட்டிய பறவைகள் இவைதான். வருடா வருடம் அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அந்தக் கோடையோடு அவருடைய ஒப்பந்தமும் முடிகிறது.

"சார், எந்தப் பலகை எங்க இருந்துச்சுன்னு தெரியலையே" என்றார் செல்வராசு அண்ணன். முகத்தில் ரத்தமே இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை, பாவமாக இருந்தது.

எல்லோரையும் தண்ணீருக்குள் இறங்கி இடுப்பளவில் உட்காரச் சொன்னார் யோஹான். உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வெற்று மணலில், தத்தம் முட்டை இருந்த இடத்தில் இறக்கையை விரித்து நின்றன. அவர் தொலைநோக்கியில் பார்த்து ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொண்டார். காத்திருந்தபோது தன் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னார். அங்கே தீவுகளில் பறவைகளின் எச்சம் பாறைபோல் இறுகிக் கிடக்குமாம். பென்குயின்கள் அதைக் குடைந்து குடியிருந்தன. உரத்துக்கென்று மனிதர்கள் மொத்தத்தையும் சுரண்டி விற்றார்கள். இப்போது அவர்களே பென்குயினுக்குப் பெட்டி செய்து வைக்கிறார்கள்.

பிறகு இரண்டிரண்டு பேராக ஓடிப்போய்ப் பலகைகளைக் கல் முட்டுக் கொடுத்து வைத்தோம். எரித்த கட்டைகளுக்கு ஈடாக மீன் பெட்டி மூடிகளைக் கொடுத்தார் ஜெரால்டு. கஃபீல் கேட்டால் காற்றில் போனதாகச் சொல்லிக்கொள்வாராம். அப்படியும் ஒரு முட்டைக்குக் கூரை இல்லை.

செல்வராசு அண்ணன் பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் எங்கள் கேம்ப் சங்கத்தின் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் அவர் பெயரும் இருந்தது. கம்பெனி மேனேஜருக்குக் காட்ட இன்னும் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

"இது ஆகுமா சார்?"

யோஹான் தலையசைத்தார். எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தோம்.

படகிலேறி எட்ட நின்று பார்த்தோம். ஒவ்வொரு பறவையாகப் பலகைக்கு அடியில் நுழைந்தது. பேனருக்குரிய பறவை மட்டும் நுழையவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தது, பறந்தது, திரும்பி வந்து வெளியிலேயே நின்றது.

"அண்ணே, காத்து ஏறுது. இனி நின்னா செரிப்படாது" என்றார் ஜெரால்டு. பிரியாணியை யாரும் தொடாமலே கரைக்குக் கொண்டுவந்தோம்.

ஒரு வாரம் கழித்து யோஹான் போன் செய்தார். மற்றவை அடைகாக்கின்றன, அந்த ஒன்று மட்டும் முட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டது. செல்வராசு அண்ணன் "ஓகே சார், சாரி சார்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் மேனேஜர் கேம்ப் பார்க்க வருவதாக இருந்தது. அறைகளுக்குப் பின்னால் நிழலுக்காக ஆட்கள் சாய்த்து வைத்திருக்கும் பிளைவுட், தார்ப்பாய் எல்லாவற்றையும் இந்த மாதிரி நேரங்களில் லாரியில் ஏற்றிவிடுவது வழக்கம். லாரி வந்து நின்றது. பையன்கள் முதல் பலகையில் கை வைத்தார்கள்.

"இருங்கப்பா" என்றார் அண்ணன். முழங்காலில் கையூன்றிக் குனிந்து அடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். நைட் டூட்டி முடித்த ஒருவன் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அறையில் ஏசி ஓடவில்லை என்று பிறகு தெரிந்தது.

அண்ணன் நிமிர்ந்து லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

"மேனேஜர் கேட்டா என்னண்ணே சொல்றது?" என்றான் ஒரு பையன்.

"ஆள் குடியிருக்குன்னு சொல்லு."