ஒரு ஆளைக் கேட்டேன், புஷ்பக்காவை அனுப்பினார்

என் அக்கா தர்ஷினி போன ஆடியில் செத்துப்போனாள். மஞ்சள் காமாலை. காரியம் முடிந்த மறுநாளே அவள் பிள்ளையை என்னிடமிருந்து கொண்டுபோக ஆள் வந்துவிட்டது. அழுது முடிக்கக்கூட விடவில்லை.

அடியார்களே, கிரிவலப் பாதையில் நீங்கள் சாப்பாடு போடும் இடத்தில் என்னைப் பார்த்திருப்பீர்கள். லாட்ஜில் ரூம் கூட்டும் பெண். உனக்கு நடந்ததை நீயும் எழுதிக் கொடு, நம் புத்தகத்தில் போடலாம் என்றீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். அழகாக எழுத வராது. உங்களில் பலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். கார் வாங்கினது, மகனுக்கு விசா வந்தது, மனை விலை ஏறினது. இதற்கெல்லாம் அண்ணாமலையார் எதற்கு? பாங்க் போதாதா? கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்டீர்கள், எழுதுகிறேன். நன்றி அவருக்கு மட்டும்தான். மனுஷர்களுக்கு இல்லை. ஒரே ஒருத்தியைத் தவிர.

நான் இங்கே சிலோன் அகதி முகாமில் பிறந்தவள். சண்டைக்குப் பயந்து அம்மாவும் அப்பாவும் கடல் தாண்டி வந்து, எனக்கு முன்னாலேயே இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் இப்போது இல்லை. அக்காதான் என்னை வளர்த்தாள்.

அக்கா கல்யாணம் கட்டிய ஆள் வேறு மாவட்டத்து முகாமில் இருந்தான். அந்தக் கல்யாணத்தை அவன் எங்கேயும் பதியவில்லை. பிள்ளை அங்கேதான் ஆஸ்பத்திரியில் பிறந்தது. அபிஷா. பிறந்த சான்றிதழில் அந்த ஊர் அட்ரஸ், தடுப்பூசி அட்டையிலும் அந்த ஊர் அட்ரஸ். முகாம் பதிவில் மட்டும் பெயர் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்றான். பிறகு இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். அக்கா கைக்குழந்தையோடு என்னிடம் வந்துவிட்டாள். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் பேப்பர்தான் அசிங்கமாகும்.

உங்களுக்கு ஒன்று தெரியாது, சொல்கிறேன். முகாமில் மாதாமாதம் செக்கிங் உண்டு. வருவாய்த்துறை ஆபீஸர் வருவார். அன்று யாரும் வேலைக்குப் போக முடியாது. அவரவர் வாசலில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார். ஆள் நிற்கவில்லை என்றால் பெயர் வெட்டுப்படும். வெளியூரில் பெயிண்ட் அடிக்கப் போன ஆம்பிளைகள் எல்லாம் அன்று பஸ் பிடித்து ஓடி வருவார்கள். பெயர் வெட்டினால் வீடு இல்லை, ரேஷன் இல்லை, நீ யார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு ஒரு பயம். அபிஷாவை ஆபீஸர் பார்த்துவிட்டால், இது யார் பிள்ளை, எந்த முகாம் என்று கேட்பார். அப்பன் இருக்கிற முகாமுக்கே அனுப்பு என்று சொல்லிவிடுவார். அதனால் செக்கிங் அன்று காலையிலேயே, அடி அண்ணாமலை போகிற வழியில் கூழ் விற்கும் அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருவாள். ஆபீஸர் போனதும் கூட்டி வருவாள். அபிஷாவுக்கு நாலு வயது ஆகிறவரைக்கும் இப்படித்தான். எங்களை மாதிரி ஆட்கள்தான் இப்படிச் செய்வார்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து, அப்படி ஒரு பிள்ளையே இங்கே இல்லை என்று ஆக்கிவிட்டோம்.

அக்கா செத்ததும் அது வெளியே வந்தது. குழந்தைகளுக்கான ஆபீஸில் இருந்து ஒரு மேடம் வந்தார். கெட்டவர் இல்லை. அபிஷா தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். பதிவில் இல்லாத பிள்ளையை, இங்கே வளர்ந்தது என்ற அத்தாட்சி இல்லாமல் என்னிடம் விட்டுவைக்க முடியாது, தகப்பனை விசாரிக்கிறவரை வேறு ஊரில் ஒரு இல்லத்தில் வைப்போம் என்றார். அடுத்த செக்கிங்கில் வருவாய் ஆபீஸர், இந்தப் பிள்ளை இந்தக் குடும்பத்தோடு இங்கேதான் வளர்ந்தது என்று எழுதிவிட்டால் என்னிடமே விட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

ஆபீஸுக்கு ஓடினேன். ஆபீஸர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாசா மாசம் வரேன். இந்தப் பொண்ண ஒரு தடவகூட பாத்ததில்லையே மா. நான் எப்படி எழுதுவேன்? கேம்ப்ல இருந்து யாராவது என் முன்னாடி வந்து சொல்லச் சொல்லு."

இவ்வளவுதானா என்று சந்தோஷமாகத் திரும்பினேன். முகாம் முழுக்க அந்தப் பிள்ளையைத் தெரியும். அத்தனை வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறது.

முதலில் முகாம் தலைவரிடம் போனேன். சொன்னால் இத்தனை வருஷம் நாம் எல்லோரும் மறைத்தோம் என்று ஆகிவிடும், எல்லோருடைய பெயரையும் கிளறுவார்கள் என்றார். கட்சிக்காரர்கள் வந்தால் மாலை வாங்க முதல் ஆளாக நிற்கிற மனுஷன். எதிர் வீட்டு செல்வண்ணனிடம் போனேன். அவன் பெண்டாட்டி பிரசவத்துக்குப் போனபோது அக்காதான் அவனுக்குச் சோறு போட்டாள். செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். யோசித்துச் சொல்கிறேன் என்றான். செக்கிங் நாள் வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தான். கோடி வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள். பட்டை போட்டுக்கொண்டு காலையில் பாட்டு வைத்தால் முகாமே எழுந்திருக்கும். அவளிடம் கேட்டதற்கு, "நான் பிரார்த்தன பண்றேன் மா" என்றாள். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல் என்றால் பிரார்த்தனையாம். கதவைச் சாத்திக்கொள்வதற்கு எவ்வளவு அழகான பெயர்.

வெளியாட்களும் இருந்தார்கள். அக்கா செத்த வாரம் ஒரு குழு பேனரோடு வந்து அரிசிப் பை கொடுத்தது. அபிஷாவை முன்னால் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். பிள்ளை சிரித்துவிட்டது. சிரிக்காதே பாப்பா என்றார்கள். அந்தக் குழுவுக்குப் போன் போட்டு, இந்த முகாமில் இந்தப் பிள்ளைக்குப் பை கொடுத்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். நாங்க இதுல எல்லாம் தலையிடறதில்லங்க என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்லி வைத்துவிட்டாள். கூழ் விற்கும் அம்மா மட்டும் நான் வரேன் கண்ணு என்றாள். ஆனால் அவள் சொன்னால் என்ன ஆகும்? செக்கிங் அன்று பிள்ளை முகாமுக்கு வெளியில் இருந்தது என்றுதான் ஆகும்.

பக்கத்து வீட்டுப் புஷ்பக்காவிடம் நான் போகவே இல்லை. எதற்குப் போக வேண்டும்? குழாயடியில் எங்கள் குடத்தை எட்டி உதைத்தவள். அக்காவைப் புருஷன் விட்டவள் என்று தெரு கேட்கக் கத்தியவள். வாசலில் நாலு மிளகாய்ச் செடி வைத்திருக்கிறாள். அபிஷா அதைப் பிடுங்கும். அதற்கு எங்கள் வம்சத்தையே இழுப்பாள். எங்களோடு பேச்சே இல்லை. அதுவும் இல்லாமல் அவள் மகன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டு செக்கிங்குக்கு வராமல் இருப்பான். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான் என்று ஒவ்வொரு முறையும் சமாளிப்பாள். ஆபீஸர் கண்ணில் படாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது.

செக்கிங்குக்கு முந்தின நாள் லாட்ஜ் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வீட்டில் அக்கா நைட்டி கொடியிலேயே கிடந்தது. அபிஷா அதை இழுத்து மூஞ்சியில் வைத்துக்கொண்டு, அம்மா எப்ப வரும் சித்தி என்று கேட்கும். கிரிவலப் பாதையில் நடந்தேன். நல்ல வெயில். பௌர்ணமி இல்லை, கூட்டம் இல்லை. மலை முழுசாகத் தெரிகிற இடத்தில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். ஆமாம், கும்பிடவில்லை, திட்டினேன்.

"எங்கெங்கயோ இருந்து கார்ல வந்து உன்ன சுத்தறவனுக்கெல்லாம் குடுக்கற. நாங்க உன் காலடியிலயே கெடக்கறோம். வீடு கேட்டனா? நாடு கேட்டனா? எங்க அக்காவ எடுத்துகிட்ட, அதுக்கும் பேசாம இருந்தேன். ஒரே ஒரு ஆளு. நாளைக்கு வாயத் தொறந்து உண்மைய சொல்ல ஒரே ஒரு ஆள அனுப்பு. அதுகூட முடியலன்னா நீ வெறும் கல்லுதான்."

பின்னால் வந்த ஆட்டோக்காரர், ஓரமா நின்னு வேண்டிக்கம்மா என்று ஹாரன் அடித்தார். ஓரமாக வந்து நின்று அழுதேன். அக்கா செத்த பிறகு அப்படி அழுதது அன்றுதான்.

மறுநாள் ஆபீஸர் வந்தார். மேடமும் வந்திருந்தார். வண்டி கேட் பக்கத்தில் நின்றது. அபிஷாவை நான் எங்கேயும் அனுப்பவில்லை. பௌடர் போட்டு, பக்கத்தில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் முறையாக அது செக்கிங்கைப் பார்க்கிறது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது.

எங்கள் வாசலுக்கு வந்து அக்கா பெயரைக் கூப்பிட்டார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்து பேனாவால் ஒரு கோடு போட்டார். ஒரே கோடு. என்னை வளர்த்தவள் அவ்வளவுதான். என் பெயரைக் கூப்பிட்டார். இருக்கேன் சார் என்றேன். அப்புறம் அபிஷாவைப் பார்த்தார். தெரு பக்கம் திரும்பி, இந்தப் பெண் இங்கேதான் இருந்தது என்று சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று சத்தமாகக் கேட்டார்.

தலைவர் போனை எடுத்துப் பார்த்தார். செல்வண்ணன் உள்ளே போனான். பட்டை போட்ட அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிரார்த்தனை செய்தாளோ என்னவோ. இந்த மூஞ்சிகளோடுதான் இத்தனை வருஷம் சிரித்துப் பேசினோம். மேடம் அபிஷாவிடம் கையை நீட்டினார்.

அப்போது பக்கத்து வாசலில் இருந்து குரல் வந்தது. புஷ்பக்கா. மன்னாரை விட்டு வந்து இவ்வளவு காலம் ஆகியும் அவள் பேச்சு மாறவில்லை.

"சேர், நீங்க வாற நாளில மட்டும்தான் இந்தப் பிள்ளை இங்க இல்ல. மற்ற நாளெல்லாம் என்ர மிளகாய்க் கண்டைப் புடுங்கிக்கொண்டு இங்கதான் நிக்குது."

ஆபீஸர் திரும்பினார். "இத்தன நாளு ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கேல்ல. இவையோட எனக்குக் கதை பேச்சும் இல்ல. கைக்குழந்தையா வந்த நாளில இருந்து இது கத்துற சத்தத்தில எனக்கு நித்திரை இல்ல. எழுதுங்கோ. நான் கைநாட்டு வைக்கிறன்."

ஆபீஸர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அதெல்லாம் சரி. உங்க பையன் எங்க?"

வழக்கம்போல ஆஸ்பத்திரி என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மெட்ராஸில. வேலைக்குப் போட்டான். பொய் சொல்லிப்போட்டு இந்தப் பிள்ளைக்குச் சாட்சி சொல்ல ஏலாது, சேர். வேணுமெண்டா அவன்ர பேரை வெட்டுங்கோ. அவன் வளந்தவன், பிழைச்சுக்கொள்ளுவான். இது எங்க போகும்?"

ஆபீஸர் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார். உட்கார ஒரு நாற்காலி கேட்டார். எழுத ஆரம்பித்தார். மேடம் நீட்டின கையை எடுத்துக்கொண்டு, பிள்ளை இங்கேயே இருக்கட்டும், பார்க்கலாம் என்றார். தரையில் உட்கார்ந்து அபிஷாவைக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. புஷ்பக்கா விரலில் மை காய்வதற்குள் எல்லா வாயும் திறந்தது. தலைவர் வந்தார், நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்றார். செல்வண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். அந்த அம்மா, என் பிரார்த்தனை பலித்தது என்றாள். எல்லோரிடமும் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன், எனக்கு அது வேண்டும். மரியாதை மட்டும் கொடுக்கவில்லை.

விசாரணை நடந்தது. அலைந்தேன். தீபத் திருவிழாக் கூட்டம் எல்லாம் ஓய்ந்து, ஆபீஸில் பழையபடி ஆள் உட்கார்ந்த பிறகு அபிஷா பெயர் எங்கள் வீட்டோடு ஏறியது. நான்தான் பொறுப்பு. புஷ்பக்கா மகன் நேரில் வந்து நின்று விளக்கம் சொன்னான். பெயர் வெட்டுப்படவில்லை, ஆனால் அந்த மாதம் அவனுக்கு வர வேண்டிய அரசாங்க உதவிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். அவள் அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு ஆள் சொல்லித்தான் தெரியும்.

நன்றி சொல்லப் போனேன். காலில் விழப் பார்த்தேன். "எழும்படி. உனக்காகவே சொன்னனான்? போய் அந்தப் பிள்ளைக்குத் தலை இழு, பேன் பிடிச்ச மாதிரி நிக்குது" என்று கதவைச் சாத்தினாள். இன்றைக்கும் குழாயடியில் அவளோடு எனக்குச் சண்டைதான். அவளை எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் மலையைப் பார்த்துக் கும்பிடும்போது அவள் மூஞ்சி வருகிறது. நான் என்ன செய்ய?

அக்கா திரும்பி வரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. கேட்டதைக் கொடுத்தார். நான் எதிர்பார்த்த நல்லவர்களில் ஒருவரைக்கூட அனுப்பவில்லை. நல்லவர்கள் என்று நான் யாரை நினைத்திருந்தேன் என்று எனக்குக் காட்டிவிட்டார். இப்போது முகாமில் எந்தப் பிள்ளைக்குப் பெயர் ஏறாமல் இருந்தாலும் நான் கூடப் போகிறேன். ஆபீஸில் நிற்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குப் பயம் போய்விட்டது என்று இல்லை. பயந்தவர்கள் மூஞ்சி எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேன். அந்த மூஞ்சி எனக்கு வேண்டாம்.

அடியார்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். திட்டியாவது கேளுங்கள், அவருக்குக் கோபம் வராது. ஆனால் ஒன்று. நீங்கள் மலையைச் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், உங்கள் தெருவிலேயே யாரோ ஒருத்தி ஒரு ஆளை அனுப்பு என்று அவரிடம் அழுதுகொண்டிருப்பாள். அவர் உங்களைத்தான் அனுப்புவார். அன்றைக்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரார்த்தனை செய்யாதீர்கள்.