ஹால்வாரும் கடைசித் துண்டும்

ஹால்வாரைப் பேச வைப்பதற்குள் நமக்கு வயதாகிவிடும். எங்கள் ஊர்ப் பாதைகளில் முப்பது வருடமாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அறுபது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. யாரும் இவனை வேண்டாமென்று சொன்னதில்லை. இவன் யாரையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். சுவீடனின் வடகோடியில் நாங்கள் எல்லோருமே வாயைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர்கள். இவன் கடைந்தெடுத்த கஞ்சன். எதைக் காட்டினாலும் "பரவாயில்ல" என்பான். அதற்குமேல் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

போன கோடையில் ஸ்டாக்ஹோமிலிருந்து ரிக்மூர் என்ற பெண்மணி எங்கள் காட்டில் பழம் பறிக்க வந்தார். பல் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; கணவர் இறந்து சில வருடமாகியிருந்தது. அவருடைய கார் சேற்றில் இறங்கிவிட, ஹால்வார் டிராக்டரில் கட்டி இழுத்துவிட்டான். அவர் குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அதிலிருந்து வாராவாரம் தொலைபேசியில் அவர் பேசுவார், இவன் கேட்டுக்கொண்டிருப்பான். பிப்ரவரியில் அவர், "ரெண்டு நாள் வந்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டார்.

பயல் நேராக என் வீட்டுக்கு வந்து நின்றான்.

"ஸ்தூரே, நீயும் வாடா."

"கூப்பிட்டது உன்னையடா. நான் எதுக்கு?"

"நீ பேசுவ."

"பேசறது நானு, கட்டிக்கறது நீயா?"

தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்ககூட இருக்கணும்னு தோணுதுடா. கேக்கத் தெரியல."

நான் போய்ப் பெட்டியை எடுத்தேன்.

ரயிலில் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தோம்.

"'ரிக்மூர், எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.' எங்க, சொல்லு."

"ரிக்மூர்."

"ம், மேல?"

"அது போதாதா?"

ரிக்மூர் வீட்டில் காபியும் கேக்கும் காத்திருந்தன. உள்ளே கிரீம், மேலே பச்சை இனிப்புப் போர்வை. ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டோம். ஒரு துண்டு மிஞ்சியது. தட்டில் கடைசியாகக் கிடப்பதை எங்கள் நாட்டில் யாரும் தொட மாட்டார்கள். வங்கியைக் கொள்ளையடித்தவனைக்கூட மன்னித்துவிடுவோம், கடைசித் துண்டை எடுத்தவனைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசுவோம். ஆகவே மூவரும் அதைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்திருந்தோம்.

"எங்க ஊர் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் ரிக்மூர்.

"பரவாயில்ல" என்றான் ஹால்வார்.

அவர் முகம் வாடிவிட்டது. "எங்க பக்கம் அது பெரிய பாராட்டுங்க" என்று நான் முட்டுக்கொடுத்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஹால்வாரைக் காணோம். ஜன்னல் வழியே பார்த்தால், தெருவில் பாதிக்குமேல் பனியை வழித்துத் தள்ளிவிட்டிருந்தான். நின்றிருந்த கார்களையெல்லாம் ஒன்று விடாமல் தோண்டி எடுத்திருந்தான். வீட்டுக்கு வீடு திரைச்சீலைக்குப் பின்னால் ஆட்கள் நின்று பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் அடுக்ககச் சங்கத் தலைவர் அங்கிமேல் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"உங்களை யாரு அனுப்பினாங்க?"

ஹால்வார் யோசித்தான். "யாரும் இல்ல."

தலைவர் தெருவை மேலும் கீழும் பார்த்தார். "அந்த சைக்கிள் நிறுத்தற இடத்தை விட்டுட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். இவன் அதையும் சுத்தம் செய்தான்.

நான் மேலே வந்தபோது ரிக்மூர் சமையலறையில் ஜன்னலோரம் நின்றிருந்தார். "ஸ்தூரே, அவர் எதுக்கு இங்க வந்தாரு? தெருவைக் கூட்டவா?"

"அவனே சொல்லுவான். கொஞ்சம் பொறுங்க."

"ஆறு மாசமா நான்தான் பேசிட்டிருக்கேன். இந்தத் தடவையும் வாயத் திறக்கலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன். எனக்கும் வயசாகுது."

காபி வேளைக்கு அந்தத் துண்டு மறுபடி மேசைக்கு வந்தது. யாராவது எடுங்கள் என்று ஒருவரையொருவர் கெஞ்சினோம். கடைசியில் நான் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டேன். பாதி எடுத்தால் குற்றமில்லை. மிச்சத்தில் பாதியை ரிக்மூர் வெட்டினார். அதிலும் மிஞ்சியதில் பாதி ஹால்வாருக்கு. ராத்திரி மறுபடி ஒரு சுற்று. ஊருக்குக் கிளம்பும் நாள் மத்தியானம், தட்டின் நீலப்பூ தெரியுமளவுக்கு மெலிந்து, கேக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஹால்வார் கத்தியை எடுத்து அதையும் நடுவில் கீறப் பார்த்தான். கத்தியைவிடக் கேக்கு ஒல்லியாக இருந்தது.

"ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன். கண்ணால் சாடை காட்டினேன். மேசைக்கடியில் காலை மிதித்தேன். மிதிபட்டது ரிக்மூரின் கால்.

"நேரமாச்சு" என்றான் ஹால்வார். எழுந்து கோட்டுக்குக் கை நீட்டினான்.

ரிக்மூர் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார். எனக்கு வந்ததே ஆத்திரம்! ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, தெரு முழுக்கப் பனி அள்ளி, ஒரு வாக்கியம் பேச வக்கில்லாமல் திரும்புகிறான் மடையன். கோபத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. தட்டிலிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ரிக்மூர் கையிலிருந்த கோப்பை நழுவியது.

"அது என்னுது!" என்று கத்தினான் ஹால்வார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ரெண்டு நாளா அதையே பாத்துட்டிருக்கேன்! எனக்கு வேணும்னுதானேடா உக்காந்திருந்தேன்!"

"வேணும்னா எடுக்க வேண்டியதுதானே?" என்றேன், வாய் நிறைய.

"கேக்க முடியலடா!"

ரிக்மூர் கோட்டை அவன் கையிலிருந்து வாங்கினார். மெதுவாகத்தான் கேட்டார். "வேற என்ன வேணும், ஹால்வார்?"

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. "இங்கயே இருக்கணும். உங்ககூட. ஊருக்குப் போகப் பிடிக்கல." மூச்சு வாங்கியது. "அப்புறம், கேக்கு."

"கேக்கு கடையில இருக்கு" என்றார் அவர். கோட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினார். அழுதாரா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை; நான் என் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலில் தனியாக வந்தேன். அந்த மாதம் எங்கள் பக்கம் பேய்ப்பனி. பனி தள்ளும் வண்டிக்குப் புதிதாக வந்த ஆள் என் வீட்டுப் பாதையை மறந்தேபோனான். மண்வாரியோடு நானே இறங்கி, ஹால்வாரை வாயாரத் திட்டிக்கொண்டே அள்ளினேன். அப்போதுதான் கூப்பிட்டான். படுபாவி, மூச்சுவிடாமல் பேசினான். ரிக்மூர் போடும் காபி, சங்கத் தலைவரோடு போட்ட சண்டை, அடுத்த தெருவில் கண்ட நாய் என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் நிறுத்தி, "நீ எப்படிடா இருக்க?" என்றான்.

"நீ இல்லாம நல்லாவே இல்லடா, பனிய நானே அள்ளிட்டிருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் தொண்டையைச் செருமினான்.

"பனியைக் காத்து வர்ற பக்கம் குவிக்காத," என்றான் பிறகு. "உனக்கு எத்தனை தடவை சொல்றது."