அக்கா விட்டுச்சென்ற ஓட்டக்காரர்கள்

ஏப்ரல் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் மணக்கும் தோல் கையுறைக்குள் விரல்களை நுழைக்கும்போது உண்டாகும் வழுவழுப்போடுதான் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் எங்கள் பேஸ்பால் பருவம் ஆண்டுதோறும் தொடங்கும். தோல் இளகுவதற்கு எண்ணெய் பூச வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னதை, அம்மா தமக்கு நம்பிக்கையான ஒரே எண்ணெயைக் கொண்டு நிறைவேற்றியிருந்தார். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் என்னிடம், அந்தத் தேங்காய் மணத்தை முகர்ந்து, யார் கேக் கொண்டுவந்தது என்று எதிரணிப் பிள்ளைகள் கேட்பார்கள்.

பந்து எறிபவள் என் அக்கா ஜெனிற்றா. இளையோர் ஆட்டத்தில் ஒருவர் இத்தனை பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்ற விதி இருந்தமையால், அவளது கை ஓயும் வேளையில் மாற்று எறிவீரன் ஒருவன் இறங்கியாக வேண்டும். அதற்கு மார்க்குஸ், யோனாஸ் என இருவர் இருந்தனர். இவர்களுள் எவனை நம்பலாம் என்பதே அக்காலத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் தீராத வழக்கு.

யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த அப்பா, நெட்டையனும் வேகக்காரனுமான மார்க்குஸின் பக்கம். "அவன் ஒரு ஓட்டமும் குடுக்கேல்லை, அவன்தான் நம்பிக்கையான பெடியன்" என்பார். தத்தம் பந்துக்குத் தாமே பொறுப்பேற்கும் கிரிக்கெட்டின் நீதி இங்கே செல்லாது என்பதை அவர் ஏற்கவில்லை. ஓர் ஓட்டத்துக்காகச் சுற்றிவர வேண்டிய தளங்களில் ஏற்கெனவே நிற்கும் ஓட்டக்காரர், மாற்று எறிவீரனின் பந்தில் ஓடி முடித்தாலும், அந்த ஓட்டம் அவரை முதலில் தளமேற விட்டவர் பெயரிலேயே எழுதப்படும்.

"அவன் திறந்துவிட்ட கதவாலை வந்தவையெல்லாம் என்ரை பேரிலை கிடக்கினம், அப்பா" என்று அக்கா குமுறுவாள்.

யோனாஸோ தானே தொடங்கும் ஆட்டங்களில் தாராளமாக ஓட்டங்களை வழங்குபவன். ஆனால் பிறர் விட்டுச்சென்ற ஓட்டக்காரர்கள் தளங்களில் நின்றால், வேறொருவனாகிவிடுவான். "சொந்த வீட்டைத் திறந்துபோட்டிட்டு அயல்வீட்டுக்குக் காவல் போறவன்" என்று அப்பா அவனை நையாண்டி செய்வார். மார்க்குஸ் களமேறியதும் அடிப்பவனை மட்டுமே பார்ப்பான். யோனாஸ் முதலில் ஒவ்வொரு தளத்தையும் திரும்பிப் பார்த்து, அங்கு நிற்பவர்களை மனத்தில் இருத்திக்கொள்வான். குந்தியிருந்த இடத்திலிருந்து நான் கண்ட வேறுபாடு அதுவே.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு, பவேரிய இளையோர் அணிக்கு ஆள் தேடித் தேர்வாளர்கள் வந்திருந்தனர். அக்காவுக்கு அதுவே இறுதி வாய்ப்பு. அவள் பெயரில் மேலும் ஓர் ஓட்டம் ஏறினாலும் அது பறிபோகும் என்று பயிற்சியாளர் எச்சரித்திருந்தார். கடைசிச் சுற்றில் எதிரணியினர் இருவர் தளங்களில் நிற்க, இன்னும் இருவரை வெளியேற்ற வேண்டியிருக்க, அவளுக்குரிய பந்துகள் தீர்ந்தன. பயிற்சியாளர் என்னிடம் வந்து, எவனை இறக்குவது என்று கேட்டார். கம்பிவேலிக்கு வெளியே அப்பாவின் குரல்: "தம்பி, மார்க்குஸை விடச் சொல்லு."

நான் யோனாஸ் என்றேன். அக்கா பந்தை அவன் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

அவனது முதற்பந்தே எனக்கு முன்னால் நிலத்தில் குத்தி எகிறிற்று. நெஞ்சால் அதைத் தடுப்பதற்குள் ஓட்டக்காரர் இருவரும் ஆளுக்கொரு தளம் முன்னேறிவிட்டனர். அப்பா தலையிற் கைவைத்தார். யோனாஸ் மீண்டும் அவ்விருவரையும் பார்த்தான். அடுத்த பந்தை அடித்தவன் அதை வானுக்கு ஏற்றிவிட, என் தலைக்கு மேலேயே அதை ஏந்தினேன். அடுத்து வந்தவனோ கடைசியில் மெதுவான பந்தொன்றுக்கு ஏமாந்து, வெறுங்காற்றில் மட்டையை வீசி வெளியேறினான். அக்காவின் ஓட்டக்காரர் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றுபோயினர்.

தேர்வாளர்கள் அக்காவின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். யோனாஸின் பெயரை எவரும் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில், "நான் சொன்னது பிழைதான், பிள்ளை" என்று அப்பா அக்காவிடம் சொன்னார். தம் தீர்ப்பை அவர் மாற்றி நான் கேட்டது அன்றுதான்.

இன்று அந்தத் திடலில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அணியும் கலைந்துவிட்டது, அப்பா இல்லாத மேசையில் அவ்வழக்கைத் தொடுப்பாரும் இல்லை. அக்கா மியூனிக் மருத்துவமனை ஒன்றில் தாதியாயிருக்கிறாள். இரவுப் பணி முடித்து, நோயாளரை அடுத்தவர் பொறுப்பில் விட்டுவிட்டு, காலையில் ரயிலிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைப்பாள். சில நாள்களில் குரலில் ஒரு தவிப்பு இருக்கும். நேற்று அது இல்லை.

"எனக்குப் பிறகு வேலைக்கு ஒரு புதுத் தாதிப்பிள்ளை வந்தவள், தம்பி. வந்ததும் முதல் வேலையா ஒவ்வொரு கட்டிலாப் போய்ப் பாத்தவள். நான் போய் நித்திரை கொள்ளப்போறன்."