கூஜாவில் மஞ்சள் மீன்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்காக மண்டபத்தில் இரண்டு கடல்மீன்களை நிறம் பார்த்து வாங்கி, கடல்நீரோடு ஒரே வாளியில் விட்டு, திண்டுக்கல்லுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ஒன்று விரலளவு மஞ்சள் மீன். மற்றது சிவப்பு வரியோடிய முள்மீன்.

எதிரே வெள்ளைத் தொப்பியோடு என் வயதுக்காரர் ஒருவர். உப்பு அரித்த விரல்களால் மடியிலிருந்த கூஜாவின் மூடியை அடிக்கடி தடவிக்கொண்டிருந்தார். அம்பாத்துரை தாண்டியதும் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டையும் ஒண்ணாவா விட்டீக? சின்னதை முழுசா முழுங்கிருமே."

முள்மீன் மஞ்சளை ஓரத்துக்கு ஒதுக்கியிருந்தது. நான் கையை விடப் போனேன்.

"முள்ளு விஷம்ணே" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கூஜாத் தண்ணீரைச் சன்னல் வழியே கொட்டினார். மூடியால் கடல்நீரை மொண்டு கூஜாவில் ஊற்றினார். மூன்றாவது முயற்சியில் மஞ்சளும் மூடியில் ஏறியது; அதையும் உள்ளே விட்டுக் கூஜாவை என் கையில் கொடுத்தார்.

திண்டுக்கல்லில் இறங்கியபோது பள்ளிவாசலிலிருந்து அந்திப் பாங்கு கேட்டது. அவர் நேரே பிளாட்பாரக் குழாயிடம் போய்த் திருகினார். காற்றுதான் வந்தது.

"தாகமா பாய்?"

"நோன்பு. தொறக்கத்தான் அந்தத் தண்ணிய வச்சிருந்தேன்" என்றவர், என் கையிலிருந்த கூஜாவைப் பார்த்தார். "மஞ்சள் நீந்துதா?"

வழியெல்லாம் மீனையே பார்த்துக்கொண்டு வந்த நான், அவர் உதடுகள் வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.