சந்தனப் பொட்டு

திருத்தணி மலைப்படியில் என்னோடு ஏறியவர் விமான மெக்கானிக். குழாய், கைப்பிடிக் கம்பி என்று இரும்பில் எதைக் கண்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆயுதபூஜைக்கு மறுநாளுங்க. விமானம் தரையிலதான் நின்னுகினு இருக்குது. உயரம் காட்டுற மீட்டர் ரெண்டும் ஆளுக்கொரு உயரம் காட்டுது. கெளம்ப விடல. மீட்டரை மாத்தி மாத்திப் பார்த்தோம். கடைசியில பார்த்தா, மீட்டருக்கு வெளிக்காத்து போற சின்ன ஓட்டை மேல சந்தனப் பொட்டு!"

"வச்சது யாருங்க?"

"ஆங்... இன்னும் தேடிகினு இருக்காங்க" என்று கோபுரத்தைப் பார்த்தார்.

சன்னதியில் வாங்கிய சந்தனத்தை நெற்றியில் இட்டார். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"போனு புதுசுங்களா?" என்று வாங்கி, பொட்டு வைத்துத் தந்தார்.

அன்று நான் எடுத்த படங்கள் எல்லாமே மஞ்சள். அழிக்கத்தான் மனம் வரவில்லை.